காலி பண்ணச் சொல்லக்கூடாது, சரி… டியூ யார் கட்டுவது?

வீடு, வாடகை, கடன்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இந்தப் பகுதியில், கொரோனா காலத்தில் பல நாடுகளில் குடித்தனக்காரர்களைக் காலி செய்ய வைக்கத் தடை போட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு பெரிய கம்பெனிக்கு அது கணக்கில் ஒரு வரி, ஒரே வீட்டை வைத்திருப்பவருக்கு அது வீட்டுச் செலவு என்று முடித்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்துதான். அவற்றில் சில.

2020 ஊரடங்கில் எங்கள் மாடி போர்ஷனில் இருந்தவர் ஏழு மாதம் வாடகை தரவில்லை. மாதம் 6,500 ரூபாய். பள்ளி வேன் ஓட்டியவர், பள்ளியே இல்லை என்பதால் எங்களுக்கும் கேட்க மனசில்லை. ஆனால் எப்போதாவது கேட்டால் "கேட்கக்கூடாதுன்னு கவர்மென்டே சொல்லியிருக்கு டீச்சர்" என்பார். 2021-இல் காலி செய்துவிட்டார். அட்வான்ஸ் 20,000 கழித்தது போக 25,500 இன்னும் நிற்கிறது. அப்படி ஓர் உத்தரவு நிஜமாகவே இருந்ததா? இனிமேல் கேட்க முடியுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி

இருந்தது அம்மா. ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட்டது. வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் உட்பட, வீட்டுக்காரர்கள் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக்கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ வலுக்கட்டாயமாகக் காலி செய்ய வைத்தால் நடவடிக்கை. ஒரு மாதம் என்றுதான் அதில் இருந்தது. ஊரில் வாய்வழியாகப் பரவும்போது அந்த ஒரு மாதம் "கொரோனா முடியற வரைக்கும்" என்று நீண்டுவிட்டது, உங்கள் ஏழு மாதம் அப்படி வந்ததுதான். அவரைப் பொய் சொன்னவர் என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு டி.வி.யில் தினம் ஒரு அறிவிப்பு, யாருக்கு எது பொருந்தும் என்று யார் உட்கார்ந்து படித்தார்கள்?

அந்த உத்தரவில் எனக்கு உறுத்தியது வேறு விஷயம். கேட்காதே என்று சொன்னவர்கள், அந்தப் பணம் உங்களுக்கு எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. அன்றைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் அதே மார்ச் 29-ஆம் தேதி, வாடகை கட்ட முடியாத ஏழைகளுக்கு அரசு கட்டும் என்று வாயால் சொன்னார். அது கோர்ட்டுக்குப் போனது. 2021 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி, முதல்வர் சொன்ன சொல் நிறைவேற்ற வேண்டிய வாக்குறுதிதான் என்றார், செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்தது. வாடகை பாக்கி நின்றவர்களுக்கு இதில் என்ன கிடைத்தது? பேப்பரில் படிக்கச் செய்தி கிடைத்தது.

இனி கேட்க முடியுமா என்றால், கேட்கலாம், கோர்ட்டுக்குப் போவதுதான் கஷ்டம். வாடகை பாக்கிக்கு வழக்குப் போட, பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள காலத்தைக் கெடுவில் சேர்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதனால் உங்களுக்கு 2022 மார்ச்சிலிருந்து மூன்று வருடம் கிடைத்தது. அது 2025 பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிட்டது. அதற்குள் அவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு எதையாவது கொடுத்திருந்தால், அந்தக் கையெழுத்துத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடும். பழைய நோட்டு, துண்டுச் சீட்டு, வாட்ஸாப் எல்லாவற்றையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள், கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போங்கள். கிடைக்காவிட்டால் 25,500-க்காக இன்னொரு 25,500 செலவழிக்க வேண்டாம். நேரில் போய்க் கேளுங்கள். மாதம் ஆயிரம் என்று தருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். முதலில் வாங்கிய சின்ன வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனான். கொரோனாவில் குடித்தனக்காரர் ஒரு வருடத்துக்கு மேல் வாடகை தரவில்லை, இவனால் வெளியே அனுப்பவும் முடியவில்லை, இரண்டு வீட்டுக்கும் டியூ கட்டினான். அவ்வளவு பணக்கார நாட்டில் இது எப்படி சார் நடக்கும்? அவனிடம் கேட்டால் "விடும்மா" என்கிறான்.
– வாசகி, காந்தி நகர், காட்பாடி

அவன் விட்டுவிட்டான், நாம் கொஞ்சம் பார்ப்போம். 2020 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த நிவாரணச் சட்டத்தில், மத்திய அரசு உத்தரவாதம் உள்ள கடனில் வாங்கிய வீடுகளுக்கும் மத்திய அரசின் வீட்டு உதவித் திட்டங்களில் உள்ள வீடுகளுக்கும் மட்டும் 120 நாள் தடை இருந்தது, அது ஜூலையில் முடிந்தது. பிறகு செப்டம்பர் 4 முதல் சி.டி.சி. என்கிற அவர்களுடைய நோய்த் தடுப்பு அமைப்பு, ஆம், சுகாதாரத் துறைதான், நாடு முழுக்க ஒரு தடை போட்டது. மக்கள் வீடிழந்து உறவுக்காரர் வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தால் தொற்று பரவும் என்பது காரணம். வருட வருமானம் 99,000 டாலருக்குள் இருப்பவர், தம்பதி என்றால் 1,98,000-க்குள், "என்னால் கட்ட முடியவில்லை, முடிந்ததைக் கட்டுகிறேன்" என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாடகை பாக்கிக்காக வெளியேற்ற முடியாது. மீறுகிற வீட்டுக்காரருக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு. டிசம்பர் வரை என்றார்கள், ஜனவரி, மார்ச், ஜூன், ஜூலை என்று தள்ளிக்கொண்டே போய், 2021 ஆகஸ்ட் 26-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதை நிறுத்தியது. இது போக மாநிலங்களும் ஊர்களும் தனித்தனியாகத் தடை போட்டன, சில இடங்களில் அவை இன்னும் நீண்டன. அதனால் ஒரு வருடத்துக்கு மேல் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. வாடகை தள்ளுபடி ஆகவே இல்லை. பாக்கி அப்படியே நின்றது, தாமதக் கட்டணம் கூடப் போடலாம். ஆனால் காகிதத்தில் நிற்கும் பாக்கியை வைத்துக்கொண்டு உங்கள் மகன் என்ன செய்வான்? வங்கி அந்தக் காகிதத்தை வாங்கிக்கொள்ளுமா? வீட்டு வரி, இன்சூரன்ஸ், ஹீட்டர் ரிப்பேர் எதுவும் அவனுக்கு நிற்கவில்லை.

இருநூறு ஃப்ளாட் வைத்திருக்கும் கம்பெனிக்குப் பத்துப் பேர் கட்டவில்லை என்றால் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து குறையும், மீதி நூற்றுத் தொண்ணூறு பேர் தாங்குவார்கள். ஒரே வீட்டை விட்டிருப்பவனுக்கு ஒருவர் கட்டவில்லை என்றால் நூற்றுக்கு நூறும் போகும், இடையில் ஒன்றுமே கிடையாது. சட்டம் எழுதியவர்கள் "வீட்டு உரிமையாளர்" என்று ஒரே வார்த்தை போட்டு இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே, வீட்டுக்காரர்களில் நிறையப் பேர் சாதாரண வசதி உள்ளவர்கள்தான் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அவர்கள் பணமே ஒதுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் 25 பில்லியன் டாலர், அடுத்த மார்ச்சில் இன்னும் 21 பில்லியனுக்கு மேல், வாடகை உதவிக்கென்றே. ஆனால் அது மாநிலம், கவுன்டி, நகராட்சி என்று இறங்கி, விண்ணப்பம், சான்று, சரிபார்ப்பு என்று ஊர்ந்தது. 2021 ஜூலை கடைசி வரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 5 பில்லியன்தான். பல இடங்களில் குடித்தனக்காரரும் சேர்ந்து விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், அவர் கையெழுத்துப் போடவில்லை என்றால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. தடை ஒரே நாளில் அமலுக்கு வந்தது, உதவி வர ஒரு வருடம் ஆனது. நடுவில் இருந்த அந்த ஒரு வருடத்தை உங்கள் மகன் மாதிரி ஆட்கள்தான் சம்பளத்திலிருந்து கட்டினார்கள்.

ஒரு விஷயம் அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள், அந்த வீட்டை வைத்திருக்கிறானா, விற்றுவிட்டானா? 2021-இல் அங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏறியது, போதும்டா சாமி என்று விற்றுவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. அப்படி விற்றால் அது வாடகை வீடாகவே மீண்டும் வரும் என்ற உறுதி கிடையாது. குடித்தனக்காரரைக் காக்க வந்த தடை, அடுத்த குடித்தனக்காரருக்கு இருந்த வீட்டை எடுத்துவிடுகிற விசித்திரம் இது.

நாங்கள் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாலு அறை கட்டி, நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு விடுகிறோம். வங்காளம், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் அதிகம். ஊரடங்கில் எங்களை யாரும் தடுக்கவில்லை, ஆளே வரவில்லை. வங்கி ஆறு மாதம் டியூ கட்ட வேண்டாம் என்றதால் நிம்மதியாக இருந்தோம். இப்போது கடன் முடியும் தேதி இரண்டு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்

ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-இல் மூன்று மாதம், பிறகு மே 22-இல் இன்னும் மூன்று மாதம், ஆக மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. தள்ளிவைக்கலாம், வட்டி ஓடும். இந்தப் பின்பாதியை வங்கியில் சத்தமாகச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

உங்கள் கடன் எவ்வளவு என்று எழுதவில்லை, நான் ஒன்று போட்டுக்காட்டுகிறேன். பாக்கி 20 லட்சம், வட்டி 9 சதவீதம், மீதம் 15 வருடம் என்றால் தவணை சுமார் 20,285 ரூபாய். அதில் முதல் மாத வட்டியே 15,000. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் பாக்கி 20 லட்சத்து 91,700-க்குப் போய்விடும். தவணையை மாற்றாமல் அதே 20,285 கட்டினால், முன்பு 180 தவணையில் முடிய வேண்டியது 199 ஆகும். கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 3 லட்சத்து 79 ஆயிரம். ஆறு தவணையை, அதாவது ஒரு லட்சத்து இருபத்தோராயிரம் சொச்சத்தைத் தள்ளிவைத்ததற்கு விலை இது! ஆறு மாதம் சும்மா விட்டதையும் சேர்த்தால் முடியும் தேதி இரண்டு வருடம் தள்ளிப் போகும், நீங்கள் சொன்ன மாதிரியே.

அப்புறம் "வட்டிக்கு வட்டி தள்ளுபடி" என்று 2020 அக்டோபரில் 2 கோடி வரையான கடன்களுக்கு அறிவித்தார்களே, அது இந்தக் கணக்கில் எவ்வளவு தெரியுமா? சுமார் 1,700 ரூபாய். அதற்குத்தான் அத்தனை தலைப்புச் செய்தி.

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். அறைகள் மறுபடி நிறைந்துவிட்டன என்றால், கையில் சேரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. உங்களுடையது தொழில் கடனாக எழுதியிருந்தால் மட்டும் கடன் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

வாடகை வராத மாதத்துக்கும் வருமான வரி கட்ட வேண்டுமாமே?
– வாசகர், ராணிப்பேட்டை

கட்ட வேண்டியதில்லை, ஆனால் சும்மா "வரவில்லை" என்று எழுதிவிட முடியாது. உண்மையான வாடகை ஒப்பந்தமாக இருக்க வேண்டும், கட்டாதவர் காலி செய்திருக்க வேண்டும் அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், உங்களுடைய வேறு எந்தக் கட்டடத்திலும் அவர் குடியிருக்கக் கூடாது, பாக்கியை வசூலிக்க வழக்கு வரை போயிருக்க வேண்டும், இல்லை, வழக்கால் பயனில்லை என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அரசே "காலி பண்ண வைக்காதே" என்று சொன்ன மாதங்களில் இந்த நிபந்தனையை எப்படிப் பூர்த்தி செய்வது என்று கேட்டால் நல்ல கேள்விதான், அதனால்தான் நோட்டீஸ் அனுப்பிய நகலையாவது வைத்திருங்கள் என்கிறேன். பிறகு என்றைக்காவது அந்தப் பாக்கி வந்தால், வந்த வருடத்து வருமானமாக வரும், அதிலும் 30 சதவீதக் கழிவு உண்டு. சொத்து வரியை, நீங்கள் உண்மையில் கட்டிய வருடத்தில்தான் கழிக்க முடியும், 2022 ஏப்ரலில் அதுவும் ஏறிவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

எப்போதும் வீட்டுக்காரர் பக்கமே பேசுகிறீர்கள். ஷூ கம்பெனி மூடியபோது நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? ரோட்டில் நின்றிருக்க வேண்டுமா?
– தொழிலாளி, ஆம்பூர்

இல்லை தம்பி. தடை தப்பு என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆர்டர் நின்று கம்பெனி மூடிய அந்த வாரத்தில் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருந்தால் அதைவிடக் கேவலம் இல்லை. என் சண்டை அந்தச் செலவை யார் தலையில் போட்டார்கள் என்பதில்தான். உங்கள் தெருவில் இரண்டு போர்ஷன் விட்டு அந்தக் காசில் மாத்திரை வாங்குகிற விதவை அம்மா ஒருவர் இருப்பார், நிச்சயம் இருப்பார், அரசு செய்ய வேண்டிய உதவியை அந்த அம்மாவைச் செய்ய வைத்தார்கள். தடை போட்ட அதே நாளில், போர்ஷனுக்கு மாதம் இரண்டாயிரம் என்று ஒரு தொகையை நேராக வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் உங்களுக்கும் அவர்களுக்கும் சண்டையே வந்திருக்காது.

உங்கள் பக்கத்துக்கு ஒரு யோசனை: கட்ட முடியாத மாதம் வந்தால் பாதியாவது கட்டுங்கள், மீதியை எப்போது என்று எழுதிக் கொடுங்கள். முழுசாக நின்றவரிடம்தான் வீட்டுக்காரருக்கு நம்பிக்கை போகிறது.

வாடகை தராதவருக்கு கரண்ட் ஃப்யூஸைப் பிடுங்கலாமா?
– குடியாத்தம்

கூடாது. குடிநீர், மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மேல்தான் புகார் திரும்பும்.

இத்தனை தொல்லைக்கு, போக்கியத்துக்கே விட்டுவிடலாம் என்று என் மனைவி சொல்கிறாள். ஐந்து லட்சம் மொத்தமாக வரும், மாதாமாதம் போய் நிற்க வேண்டாம். மாறாக, வாடகைக்கே விடுவதென்றால் இப்போதுள்ள சட்டம் எங்களைக் காக்குமா?
– வாசகர், விருதம்பட்டு

முதலில் இரண்டாவது கேள்வி. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிந்து ஒரு எண் வாங்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்தான் அந்த அதிகாரி. இணையத்திலேயே பதியலாம். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் வெளியேற்றக் கேட்டு வாடகை நீதிமன்றம் போகலாம். முத்திரைத்தாளில் பதினோரு மாதம் என்று எழுதி பீரோவில் வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் முதல் கேள்வியே "பதிவு எண் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.

அதுதான் வேகமா என்று கேட்டால், கோர்ட் கோர்ட்தான். எனவே மூன்று மாதம் வாடகையே வராவிட்டாலும் டியூ கட்டும் அளவுக்குப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். அட்வான்ஸ் பணத்தை எடுத்து வீட்டுக்கு பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அதுதான் முதல் மூன்று மாதம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்க முடியாது என்பதால், அந்த ஒரு வரியும் முக்கியம்.

போக்கியத்துக்கு வருகிறேன். வாடகை பாக்கி என்ற பேச்சே இருக்காது, உண்மைதான். ஆனால் அங்கே கடன்பட்டவர் நீங்கள். அந்த ஐந்து லட்சத்தை மகள் கல்யாணத்துக்கோ இன்னொரு மனைக்கோ போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அவர் "காலி பண்றேன், பணம் கொடுங்க" என்று நிற்கும்போது, அடுத்த போக்கியக்காரர் கிடைத்தால்தான் கொடுக்க முடியும் என்ற நிலையில் பாதிப் பேர் இருக்கிறார்கள். 2020 மாதிரி ஒரு வருடம் வந்து, வீடு தேடி யாருமே வராவிட்டால் அவரை வெளியே அனுப்பப் பணம் இல்லாமல் நீங்கள்தான் ஒளிய வேண்டி வரும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, பணத்தை முழுக்க வங்கி வழியாக வாங்கி, தொடாமல் வைப்பு நிதியில் போட்டு, அதில் வரும் வட்டியை வாடகை மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்து அனுமதி இல்லாமல் போக்கியம் பேசவே வேண்டாம்.

ஐந்து லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. விருதம்பட்டில் உங்கள் வீட்டுக்கு வாடகை எவ்வளவு வரும் என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு, இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள்.